தண்ணீர் வந்த மறுநாள்

வானதி டீச்சருக்கு ஒரு பெருமை உண்டு. குடமுருட்டிக் கரையில் அவள் வேலை பார்க்கும் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் மேல்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் எட்டு முடித்த பிள்ளையின் கையில் டி.சி.யைத் திணித்து, நல்லாப் படி என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வானதி அப்படிக் கைகழுவுகிற ஆள் இல்லை. ஏப்ரல் வந்தால் பிள்ளைகளை ஆற்று மணலில் நடத்திக்கொண்டு போய், அக்கரைப் பள்ளியின் வகுப்பறை முதல் கழிப்பறை வரை காட்டிவிட்டுத்தான் திரும்புவாள். எந்த சாரிடம் தைரியமாகச் சந்தேகம் கேட்கலாம், எந்த டீச்சர் கத்தினாலும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார் என்பது வரைக்கும் சொல்லிக் கொடுப்பாள். ஜூனில் ஒரு பிள்ளை விடாமல் சேர்ந்துவிடும். தலைமையாசிரியர் அமிர்தலிங்கம் அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிப் பெயர் வாங்கிக்கொள்வார்.

அந்தப் பெருமையில்தான் அரசப்பன் மண்ணை அள்ளிப் போட்டார்.

அரசப்பன் குத்தகைக்கு நெல் போடுகிறவர். அவருடைய சின்ன மகள் செம்மொழி இந்த வருஷம் எட்டு. அக்கரைப் பள்ளியைப் பார்க்கப் போகிறோம், பிள்ளையை அனுப்புங்கள் என்று சொல்ல வானதி அவர் வீட்டுக்குப் போனாள்.

"வாங்க டீச்சர், உக்காருங்க. காப்பி சாப்புடுங்க. ஆனா செம்மொழி விஷயமா வந்திருந்தா வேணாம். அவளுக்கு எட்டோட போதும்."

"ஏண்ணே? நல்லாப் படிக்கிற புள்ள."

"பெரியவளும் நல்லாப் படிச்ச புள்ளதான். போன வருஷம் நீங்கதானே அழைச்சிக்கிட்டுப் போய்க் காட்டுனீங்க? தண்ணி வர்ற வரைக்கும் போனா. அப்புறம் எப்புடிப் போவா?"

கொல்லையில் அடிபம்பருகே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மலர்க்கொடி, தன் பேச்சு வந்தும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் ஒன்பதில் சேர்ந்து நின்றுபோனவள் அவள். படிப்பில் நாட்டம் இல்லை என்று அக்கரைப் பள்ளியில் சொன்னதை வானதியும் அப்படியே நம்பியிருந்தாள்.

அன்று சாயங்காலமே, இதற்கு முன்னால் நின்றுபோன பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டாள். காரணம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்தனுக்கு இங்கிலீஷ் வரவில்லை. எப்போது நின்றாள், எப்போது நின்றான் என்று கேட்டால் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு.

வானதிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முதல் கோபம் தன் மேல்தான். மேட்டூர் எப்போது திறப்பார்கள், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று வருஷம் பூரா வாய் ஓயாமல் பேசுகிற ஊர் இது. நாற்றங்காலுக்கு, நடவுக்கு, கல்யாணத்துக்குக்கூட அதை வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் மணலை வைத்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள்! ஏப்ரலிலும் மேயிலும் ஆறு காய்ந்து கிடக்கும். மணலில் இறங்கி ஏறினால் எதிரே பள்ளிக்கூடம். ஜூன் பாதியில் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வழியே இல்லை. பாலம் வரை நடந்து, அங்கே பஸ் பிடித்து, சுற்றிக்கொண்டு போக வேண்டும். அதை யாரும் யோசிக்கவில்லை. வழிகாட்டியாகப் போன டீச்சரம்மாவும் யோசிக்கவில்லை.

மறுநாள் மறுபடியும் அரசப்பன் வீட்டில் போய் நின்றாள்.

"இந்த வருஷம் ஒரு புள்ளையும் மணல்ல கால் வைக்காது. முதல் நாள்ல இருந்தே பாலத்து வழிதான். தண்ணி வந்தா என்ன, வராட்டி என்ன?"

அரசப்பன் தாடையைச் சொறிந்தார். "திருப்பூர்ல இருக்கற என் தங்கச்சி, ஒத்தாசைக்குச் சின்னவள அனுப்புன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. சரி, ஒங்களுக்காக ஒண்ணு சொல்றேன். தண்ணி வந்த மறுநாளு பள்ளிக்கூடம் போற புள்ளைய நான் நிறுத்த மாட்டேன். இது சத்தியம். அன்னைக்கு ஒரு நாள் வீட்டுல தங்கிட்டா, அதுக்கப்புறம் நீங்க இதப் பத்திப் பேசக் கூடாது. இன்னொண்ணு, பாலம் வரைக்கும் பொட்டப்புள்ளையத் தனியா விட மாட்டேன்."

"நான் கொண்டு போயி விடுறேன்." கொல்லையிலிருந்து மலர்க்கொடியின் குரல் வந்தது. அவள் அம்மா செவ்வந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் வெயிலில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரையோடு பாலத்துக்கு நடந்தாள் வானதி. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊருக்கு நல்ல வேடிக்கை.

"டீச்சரம்மா, ஆத்துல முதலை கெடக்குதா?" என்று டீக்கடையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"கெடக்கு. ஒங்க கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாலத்தருகே நின்று கை காட்டினார்கள். டவுன் பஸ் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயே போய்விட்டது. டிப்போவுக்குப் போய்க் கேட்டாள். அங்கே ஸ்டாப் கிடையாது, தினசரி ஆள் ஏறினால் நிறுத்தச் சொல்கிறோம் என்றார்கள். ஆள் இல்லை என்று பஸ் நிற்பதில்லை, பஸ் நிற்பதில்லை என்று ஆள் வருவதில்லை. தண்ணீர் வந்த பிறகு இந்தப் பஞ்சாயத்தை ஆரம்பித்தால் ஒரு பிள்ளையும் தேறாது. ஆறு காய்ந்திருக்கும்போதே அங்கே பஸ் நின்று பழகியிருக்க வேண்டும். வானதி முடிவு செய்துவிட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் பாலத்தில். பஸ் நிற்கவில்லை. எல்லோரும் நடந்தே தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினார்கள். இரண்டாம் நாள் வானதி நடுரோட்டில் போய் நின்றாள். பஸ் நின்றது. டிரைவர் திட்டினார், இவளும் பதிலுக்குச் சளைக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்.

ஆனால் பிள்ளைகள் பிள்ளைகள்தானே. எதிரே பள்ளிக்கூடம் தெரிகிறது, நடுவில் வெறும் மணல். பையன்கள் ஒவ்வொருவராக மணலில் இறங்கினார்கள். பிறகு பெண்பிள்ளைகளும். கடைசியில் பாலத்தில் பஸ் ஏறுகிற ஒரே பிள்ளை செம்மொழிதான்.

ஒருநாள் காலையில் வானதி அங்கே போனபோது செம்மொழி அழுதுகொண்டிருந்தாள். தூரத்தில் மணலில் போகிற தோழிகள் அவளைப் பார்த்துக் கையாட்டிச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

"எல்லாரும் சீக்கிரமாப் போயிடுறாங்க டீச்சர். நான் மட்டும் கிறுக்கச்சி மாதிரி சுத்திக்கிட்டுப் போறேன்."

வானதி வாயெடுப்பதற்குள் கூட வந்திருந்த மலர்க்கொடி தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"நானும் அப்புடித்தாண்டி சிரிச்சிக்கிட்டே போனேன்."

செம்மொழி அக்காவையே பார்த்தாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பஸ் வந்தது, ஏறினாள். அதன் பிறகு ஒருநாளும் அவள் அழுது வானதி பார்க்கவில்லை.

தண்ணீர் வந்த சாயங்காலம் ஊரே கரையில் நின்றது. செவ்வந்தி பூவும் நெல்லும் தூவினாள். யாரோ சூடம் ஏற்றினார்கள். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு புதுத்தண்ணீர் மணலை மூடிக்கொண்டே வந்தது. டெல்டாவில் பிறந்து வளர்ந்த வானதிக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயமாக இருந்தது. பஸ் நிற்காமல் போனால்? செம்மொழிக்கு மனசு மாறினால்? ஒரு நாள் பிசகினால் போதும், திருப்பூர்தான்.

"நாளைக்குப் பாப்போம் டீச்சர்" என்றார் அரசப்பன், பக்கத்தில் வந்து.

"பாப்போம்ணே" என்றாள் வானதி.

மறுநாள் காலையில் பாலத்தில் கூட்டம். மணலில் போனவர்கள் எல்லாம் மூச்சு வாங்க வந்து நின்றார்கள். யார் முகத்திலும் சிரிப்பில்லை. மதகைப் பார்க்கப் போகிற சாக்கில் மண்வெட்டியோடு அரசப்பனும் வந்திருந்தார். பஸ் படிக்கட்டு வரைக்கும் ஆள் நிறைந்து வந்தது. இன்றைக்கு நிற்காது என்றுதான் வானதிக்குத் தோன்றியது. அவள் ரோட்டில் இறங்குவதற்குள் செம்மொழி முன்னால் போய்க் கையைத் தூக்கினாள். தினமும் தூக்குகிற அதே கை. பஸ் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "தெனமும் ஒத்தப் புள்ளயா ஏறுவ. இன்னைக்கு ஊரையே அழைச்சிக்கிட்டு வந்துட்டியா? நகந்து நில்லுங்கய்யா உள்ள, புள்ளைங்க ஏறட்டும்."

ஒவ்வொருவராக ஏறினார்கள். செம்மொழியும் ஏறிவிட்டாள். மலர்க்கொடி வழக்கம்போலச் சாப்பாட்டுப் பையைத் தங்கையிடம் கொடுத்தாள். கொடுத்த கை திரும்பவில்லை. படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"டீச்சர், என்னைய இப்ப சேத்துக்குவாங்களா?"

வீட்டில் போடுகிற சாயம் போன சுடிதாரில் இருந்தாள். இந்தக் கேள்வியை இத்தனை நாளும் பாலம் வரை சுமந்து வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பது வானதிக்கு அப்போதுதான் உறைத்தது.

"சேத்துக்காம? ஏறு முதல்ல. நானும் வர்றேன்."

மலர்க்கொடி அப்பாவைப் பார்த்தாள். அரசப்பன் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி ஊன்றிக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது தண்ணீர்.

"தண்ணி வந்த மறுநாளு போற புள்ளைய நிறுத்த மாட்டேன்னு சொல்லியிருக்கேன்ல" என்றார். "ஏறும்மா. நேரமாவுது."

பஸ் கிளம்பியது. கண்டக்டர் நெரிசலில் பிதுங்கி வந்து, சீருடை போடாத பெண்ணைப் பார்த்து, எங்கே போகணும் என்று கேட்டார்.

"ஒம்பதாவது" என்றாள் மலர்க்கொடி.