இரண்டு கதவு, ஒரு சமையலறை

பெய்ஜிங்கும் லண்டனும் முட்டிக்கொண்டால் லண்டன் ஓரத்து இல்ஃபோர்ட்டில் யாருக்காவது தலைவலி வரும். இந்த முறை வழக்கறிஞர் துசியந்திக்கு வந்தது.

ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்குமுன் காலனி அரசிடம் பதிந்து பாஸ்போர்ட் வாங்கியவர்களுக்கு இங்கே விசா உண்டு. சீனாவோ அந்தப் பாஸ்போர்ட்டை மதிப்பதே இல்லை. துசியந்தியின் கட்சிக்காரி யுக்லானிடம் அது இருந்தது; மகளோடு வந்துவிட்டாள். எண்பது வயது அப்பாவிடம் இல்லை. ஒரே குடும்பமாக வாழ்ந்தவர் என்று காட்டினால் அவரும் வரலாம். யுக்லான் மகா யோக்கியமாக, ஹாங்காங்கில் தானும் அப்பாவும் இருந்த எதிரெதிர் வீடுகளின் இரண்டு கதவு எண்களையும் விண்ணப்பத்தில் எழுதிவைத்தாள். தனிக் குடும்பம் என்று அப்பாவுக்கு விசாவை மறுத்துவிட்டார்கள்.

மேல்முறையீட்டில் அவரே வீடியோவில் பேசலாம் என்றால், அதற்குச் சீனாவின் அனுமதி வேண்டுமாம். இரண்டு அரசும் முறைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் அனுமதியாவது மண்ணாங்கட்டியாவது!

"ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவிலை நாங்கள் என்ன செய்யிறது? விட்டிடு, துசி," என்றார் அலுவலகத்தில் மூத்தவரான செல்வரத்தினம்.

"விடேலாது, அண்ணை. எங்கட சித்தப்பாவும் பக்கத்து வீடுதான். மூண்டு நேரமும் சாப்பாடு எங்கட குசினியிலை. அவர் வேற குடும்பமோ?"

அன்றே யுக்லானை அழைத்துக் கேட்டாள். "அப்பா எங்கே சாப்பிடுவார்?"

"என் வீட்டில்தான். வேறெங்கே?" இதையெல்லாமா கேட்பார்கள் என்பதுபோல் பார்த்தாள் யுக்லான். துசியந்திக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

விசாரணையன்று, "இரண்டு கதவு என்றால் இரண்டு குடும்பம்தான்," என்று அடித்துப் பேசினார் அரசு வழக்கறிஞர்.

"அப்பா வீட்டில் அடுப்பே இல்லை," என்றாள் யுக்லான். "என் மகள் படிக்க மேசை போடுவதற்காகக் கழற்றிவிட்டோம்."

நீதிபதி நிமிர்ந்தார். "இப்போது சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்?"

"அங்கே எதிர்வீட்டில், என் பழைய சமையலறையில்தான். அவருக்குச் சோறு வைக்கத் தெரியாது. இங்கே மதியம், அங்கே இரவு. தினமும் போனில் நான் சொல்லச் சொல்ல வைப்பார்."

மதியம் ஆகியிருந்தது. யுக்லானின் பைக்குள் போன் அதிரத் தொடங்கியது. அவள் பதறிப்போய் அதை அணைக்கப் பார்த்தாள். துசியந்தி அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு எழுந்தாள்.

"அவர் இங்கே சாட்சி சொல்ல அனுமதி இல்லை, ஐயா. ஆனால் அவருக்குப் பசிக்கிறது."

நீதிபதி பேனாவை மூடினார்.

"பத்து நிமிடம் இடைவேளை," என்றார். "வெளியே போய், முதலில் அவரைச் சாப்பிட வையுங்கள்."