வெள்ளிக்கிழமைக்கு மாற்றுப்பாதை

எங்கள் ஊரில் கிழமைகள் நடந்துதான் போகும். விடிந்ததும் அன்றைய கிழமை பஸ் ஸ்டாண்டிலிருந்து புறப்பட்டுத் தெருத் தெருவாகச் சுற்றி, ரயில்வே கேட்டைத் தாண்டிவிடும். அது நுழைகிற தெருவுக்குத்தான் அந்தக் கிழமை. எல்லா ஊர்வலத்தையும் போல இதற்கும் போலீஸ் அனுமதி உண்டு. போகிற பாதை ஸ்டேஷனில் எழுதியிருக்கும்.

ஒரு புதன்கிழமை தீர்த்தகிரியின் மார்பில் டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை தாண்டாதும்மா" என்று அவர் மனைவி பச்சையம்மாளிடம் சொன்னார்.

"வந்தாத்தானே தாண்டறதுக்கு" என்றாள் அவள்.

தீர்த்தகிரி மில் தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் கோஷம் போட்டவர். மறியலுக்கு மறியல் அவருக்குச் சோறு கொண்டுபோனதில், அதன் நெளிவு சுளிவெல்லாம் அவளுக்கும் அத்துப்படி. வியாழன் போனதும் தெருமுனையில் பாயை விரித்துக் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்து பாயோரம் நின்றது.

"கொஞ்சம் நகருங்கக்கா. ஓரமா, சத்தமில்லாம போயிடறேன்."

"எவ்ளோ மெதுவாப் போனாலும் நீ வெள்ளிக்கிழமைதானே?"

அது தலையைக் குனிந்துகொண்டது. சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். அவளைக் கைது செய்தால் கல்யாண மண்டபத்தில் வைக்க வேண்டும். மண்டபத்திலோ அன்று முகூர்த்தம், பந்தி நடந்துகொண்டிருந்தது. பின்னால் சனிக்கிழமை வேறு வந்து நெருக்கியது. வேறு வழியில்லாமல், வெள்ளிக்கிழமை இனி பைபாஸ் வழியாகப் போகட்டும் என்றார்.

"வாய்வார்த்தையை நம்பாத பச்ச, எழுத்துல வாங்கு" என்று படுக்கையிலிருந்து தீர்த்தகிரி குரல் கொடுத்தார்.

எழுத்தில் வாங்கினாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் வியாழன் போனால், சனி வரும்வரை தெரு சும்மா கிடக்கும். தீர்த்தகிரி எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், வாசல்வரை நடந்தார். பச்சையம்மாளுக்குத்தான் எண்ணெய் முழுக்கும் தலையில் பூவும் போயிற்று. வெள்ளிக்கிழமை செய்கிற காரியங்களை அவள் வேறு எந்தக் கிழமையில் செய்வாள்?

பழக்கதோஷத்தில் வெள்ளிக்கிழமை வாராவாரம் தெருமுனைவரை வந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு பைபாஸுக்குத் திரும்பும். ஐப்பசியில் ஒருநாள் சொட்டச் சொட்ட நனைந்து நின்றது.

"சுத்து வழி வேற. பாவம், அதுக்கு ஒரு குடை குடு" என்றார் தீர்த்தகிரி.

முனைவரை போய், கையை மட்டும் நீட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்து வந்த சனிக்கிழமை குடையைத் திருப்பிக் கொடுத்தது. "வெள்ளி குடுக்கச் சொல்லிச்சு."

குடை மடிப்புக்குள் இரண்டு முழம் மல்லிகை, ஈரம் காயாமல் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டாள். அவள் கொண்டையில் மட்டும் வெள்ளிக்கிழமை ஆயிற்று.

"திரும்பு, பாக்கறேன்" என்றார் தீர்த்தகிரி.

திரும்பி நின்றாள். அவர் நாற்காலியை நாலு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, பூ வாடும்வரை அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.