கன்னத்துச் சாம்பல்

அந்த ஊரில் யாராவது செத்தால் செப்பே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவில் தெருத்தெருவாகச் சுற்றி வருவான். முதலில் ஞானஸ்நானப் பெயர், பிறகு பட்டப்பெயர், கடைசியில் எந்த வீடு என்று சொல்வான். ஞானஸ்நானப் பெயரை யாரும் காதிலேயே வாங்குவதில்லை. மக்தலேனா ஆற்றங்கரையில் அது பாதிரியாருக்கும் வங்கிக்கும் மட்டும்தான் வேண்டும். பட்டப்பெயர் வந்த பிறகுதான் "ஐயோ, அவனா!" என்று நெஞ்சில் கை வைப்பார்கள்.

அன்று காலை பத்து மணிக்குச் செப்பே சொன்னான்: "நூரிஸ் தெல் கார்மென் பயெஸ்தாஸ், நம்ம சாம்பலி, நேத்து சாயங்காலம் மாரடைப்பில் இறைவனடி சேர்ந்தாங்க..." எந்த வீடு என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் ஊரே எழுந்து ஓடியது. கல்லறைத் தெருவிலிருந்த நூரிஸ் வீட்டுக்கு அல்ல. மிலேனிஸ் வீட்டுக்கு.

மிலேனிஸ் கொல்லையில் விறகடுப்பின் முன்னால் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். வழக்கம்போல இடது கன்னத்தில் ஒரு விரல் சாம்பல் இழுத்திருந்தாள். 'சாம்பலியின் அடுப்பு' சேனல் என்றால் கார்த்தஹேனாவிலிருந்து தலைநகர் பொகோத்தா வரை தெரியும். பார்க்கிறவர்கள் மூன்று லட்சம் பேர்; அதே பெயரில் பாட்டில் சாஸும் விற்றாள். முட்டை வைத்த அரேப்பா என்ற சோள அடையைப் பொரிப்பதற்கா இத்தனை கூட்டம் என்று கேட்காதீர்கள். அரேப்பாவை அந்த ஊரில் எவள்தான் பொரிக்கவில்லை? ஆளை இழுத்தது அந்தப் பெயர்தான்.

"சின்ன வயசுல என்னை இப்படித்தான் கேலி பண்ணுவாங்க. அந்தக் கேலியையே கிரீடமா வச்சுக்கிட்டேன்" என்று முதல் வீடியோவில் கண் கலங்கச் சொன்னாள். பச்சைப் பொய். அவளைப் பள்ளியில் பல்லி என்றுதான் கூப்பிட்டார்கள். பல்லி என்று எழுதிய பாட்டிலில் எவன் சாஸ் வாங்குவான்?

சாம்பலி என்பது நூரிஸின் பெயர். ஒன்பது வயதில் அடுப்பில் விழுந்து, இடது கன்னம் வெந்து, மூன்று மாதம் கழித்துப் பள்ளிக்கு வந்தாள் அந்தப் பெண். "ஏய், சாம்பலி வந்துட்டாடி!" என்று முதலில் கத்தியது மிலேனிஸ்தான். வகுப்பே சிரித்தது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பிறகு நூரிஸ் வெளியே வருவதையே விட்டுவிட்டு, தையல் மிஷினும் தானுமாக வீட்டுக்குள் ஒடுங்கிப்போனாள். ஊர் அவளை மறந்தது. பெயர் சும்மா கிடக்கிறது என்று மிலேனிஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சில நாள் கண்ணாடி முன்னால் சாம்பலைப் பூசும்போது தன் முகத்தையே பார்க்க மாட்டாள். பூசாமல் மட்டும் இருந்ததில்லை.

கதவை இடித்துக்கொண்டு முதலில் நுழைந்தவள் மீன்காரி எனில்சா. மிலேனிஸைக் கண்டதும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி! உயிரோடவா இருக்கே? சந்தையிலிருந்து இங்க வரைக்கும் உனக்காக மூக்கைச் சிந்திக்கிட்டு ஓடி வரேன்!"

பின்னால் வந்தவர்கள் கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். பூ வாங்கி வந்த ரொட்டிக் கடைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

"அப்போ செத்தது யாரு?"

"செப்பே காலையிலேயே ஊத்திக்கிட்டு உளறியிருப்பான். இந்த ஊர்ல வேற யாரு சாம்பலி?"

மிலேனிஸுக்குச் செத்தது யாரென்று தெரிந்துவிட்டது. பூவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தெருவைப் பார்த்து நடந்தாள். என்னவென்று பார்க்கக் கூட்டமும் கூடவே வந்தது, நாலைந்து பேர் போனைத் தூக்கிப் பிடித்தபடி.

நூரிஸ் வீட்டு வாசலில் நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. ஒன்றில்கூட ஆளில்லை. நூரிஸின் அம்மா கந்தேலாரியா காபி ஃபிளாஸ்க்கோடு படியில் நின்றிருந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் அவள் முகத்துக்கு உயிர் வந்தது.

"வந்துட்டீங்களா! என் பொண்ணுக்கு யாருமே வர மாட்டாங்களோன்னு பயந்துட்டேன்."

மிலேனிஸ் பேசாமல் உள்ளே போய்ப் பூவை வைத்துவிட்டு வந்திருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் அந்த நாற்காலிகளைப் பார்த்த பிறகு அவளால் முடியவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"செப்பே உளறலை. சாம்பலி இவதான். இவளுக்கு அந்தப் பேரை வச்சதும் நான்தான், அப்புறம் அதைத் திருடினதும் நான்தான். நான் வெறும் பல்லி. என் கன்னத்துல ஒரு தீப்பொறிகூடப் பட்டதில்லை."

யாரும் சிரிக்கவில்லை. போன்கள் கீழே இறங்கின.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்க."

கந்தேலாரியா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தாள். "அவளுக்குத் தெரியும்டி. உன் வீடியோ ஒண்ணு விடமாட்டா. உள்ள வா, அவ படத்தைப் பாரு" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

சவப்பெட்டியின் தலைமாட்டில் படம் இருந்தது. போன கார்னிவல் வேஷத் திருவிழாவில் எடுத்தது. ஐந்தாறு இளம்பெண்கள், எல்லோருடைய இடது கன்னத்திலும் மிலேனிஸைப் போலச் சாம்பல் கோடு. நடுவில் நூரிஸ், கோடு இல்லாமல், தன் கன்னத்தோடு. நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு எப்படியோ தைரியம் வந்து தெருவுக்குப் போனா. இந்தப் பொண்ணுங்க ஓடி வந்து, 'அக்கா, எங்க எல்லாரையும்விட நீங்கதான் சாம்பலி வேஷம் பிரமாதமாப் போட்டிருக்கீங்க, எதுல செஞ்சீங்க?'ன்னு கேட்டுச்சுங்களாம். இவளும் 'அது ரகசியம்'னு சொல்லிப் படத்துக்கு நின்னிருக்கா. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. அப்புறம் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அதுக்கப்புறம் வாசலைத் தாண்டலை. வேற படமும் இல்லை, அதான் இதையே வச்சேன்."

மிலேனிஸ் பூவைப் பெட்டியின் காலடியில் போட்டுவிட்டுக் கொல்லைக் குழாய்க்கு ஓடினாள். சாம்பல் முதல் கைத் தண்ணீரிலேயே போய்விட்டது. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கன்னம் சிவந்து தோல் உரியத் தொடங்கியதும் எனில்சா பின்னால் வந்து குழாயை மூடினாள்.

"போதும்டி பல்லி, உள்ள வந்து உட்காரு. நாற்காலி காலியா இருக்கு" என்றாள்.