சூட்டில் நகர்ந்த முகடு

அந்த ஆய்வுக்கூடத்தில் வாயாடி என்றால் ஒரே ஆள்தான். கூடத்தின் தலைவி அவளுடைய சொந்த அண்ணி. அண்ணியிடம் அண்ணனுக்கு இருக்கும் பயத்தில் கால்வாசிகூட இவளுக்குக் கிடையாது. சாப்பாட்டு அறையிலிருந்த மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிவந்து, பக்கத்தில் ஓட்டை போட்டு, லேசர் ஒளியை உள்ளே விட்டவள் ஆயிற்றே! அன்றிலிருந்து மொத்தக் கட்டடமும் ஆறிய சாப்பாட்டைத் தின்றுகொண்டே இவளைக் கரித்துக் கொட்டியது.

அடுப்புக்குள் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் சூடாகும். லேசர் பட்டுத் திரும்பும் ஒளி, கணினித் திரையில் முகடு முகடாக ஒரு கோடு வரையும். முகடுகள் நிற்கும் இடத்தை வைத்து, தூளுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் சூடாக்கி, ஆறவிட்டு, அப்புறம் அளப்பார்கள். இவள் சூடாகும்போதே அளந்தாள். நடுவில் ஒரு சின்ன முகடு முளைத்து, ஆறியதும் காணாமல் போனது. யார் கண்ணிலும் படாத புது அடுக்கு அது என்று அடித்துச் சொன்னாள்.

பக்கத்திலேயே ஊசிபோல நின்றது அண்ணியின் முகடு. இதே தூளில், இதே மேசையில் அண்ணி கண்டுபிடித்தது. அண்ணிக்குப் பெயரும் பதவியும் வாங்கிக் கொடுத்தது.

“உன்னோடது வெறும் ட்யூப்லைட்டுடி,” என்றாள் அண்ணி. “சூட்டுல தூள் உப்பி, அடுப்புக் கதவு வழியா வர்ற வெளிச்சத்தத் திருப்பி விடுது, அதுவும் கோட்டுல ஒரு முகடா விழுது. சாயங்காலத்துக்குள்ள நிரூபி. இல்லன்னா அடுப்பு சாப்பாட்டு ரூமுக்குப் போயிடும். இதே கட்டடத்துல இருக்கிற உங்கண்ணன் வேற, ஆறின சோறுன்னு தினமும் என் உயிர வாங்குறாரு.”

“போகாது அண்ணி. சூடு ஏற ஏற என் முகடு நகருது. ட்யூப்லைட் நகருமா?”

“வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல.”

“அப்போ அணைச்சே பாத்துடுவோம்.”

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தாள். அடுப்பு உறுமியது. சின்ன முகடு முளைத்தது, மெல்ல இடது பக்கம் நகர்ந்தது.

“பாத்தீங்களா!” என்று துள்ளியவள், அடுத்த நொடி கணினித் திரைக்குக் குனிந்தாள்.

அண்ணியின் முகடு இருந்த இடம் மொட்டையாகக் கிடந்தது. எவ்வளவு சூட்டிலும் இம்மிகூட நகராத முகடு அது. ஏன் நகரவில்லை என்று இத்தனை நாளாய் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை.

ஜெயித்த சந்தோஷத்திலும் வாயாடிக்கு அண்ணியை நினைத்து மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் விளக்கு சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

“கைய எடு,” என்றது இருட்டிலிருந்து அண்ணியின் குரல். நாற்காலி கணினித் திரைக்குப் பக்கத்தில் இழுபட்டது. “ட்யூப்லைட் என்னோடதுதான். என் முகடு தப்புன்னு ஆய்வு இதழுக்கு நானே எழுதி அனுப்பிடறேன். நீ முதல்லேர்ந்து சூடாக்கு.”

“சரிங்க அண்ணி.”

“அப்புறம், உங்கண்ணன்கிட்ட சொல்லிடு. அடுப்பு வராது.”