குடைப்பூச் செடி

கேரட் குடும்பத்துக் காட்டுச் செடிகளை அடையாளம் காண்பது லேசான வேலையில்லை. பெரும்பாலும் எல்லாமே குடை விரித்த மாதிரி வெள்ளையாகப் பூக்கும். பதினெட்டு வருஷமாகக் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் நானே, சித்தேரி மலையில் இரண்டு செடிகளை ஒன்றென்று குறித்துவைத்திருந்தேன். தவறைக் காட்டியவள் அந்த மலை ஊர்க்காரி அம்பிகா. சாமை அறுத்துக்கொண்டிருந்தவள், என் பையை எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டும் வேற வேறங்க சார். பூவப் பாத்தா ஏமாந்துருவீங்க. காய நசுக்கி மோந்து பாருங்க.”

ஒன்றில் ஓம வாசனை. மற்றதில் மண்ணெண்ணெய் நெடி. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓம வாசனைக் காயில் மெல்லிய ரோமம் இருந்தது, மற்றது வழவழப்பு. ரோமக் காய்ச் செடியை அந்த மலையில் அதுவரை யாரும் பதிவு செய்ததில்லை. அது முளைக்கும் பாறைச் சரிவுக்கு அம்பிகாவே கூட்டிப்போனாள். பிள்ளைகளுக்கு வயிறு உப்பினால் அந்தக் காயைத்தான் கொதிக்கவைத்துக் கொடுப்பார்களாம்.

கட்டுரை வெளியானது. செய்தித்தாளில் என் படம் வந்தது. அரிய செடி என்று வனத்துறையினர் சரிவைச் சுற்றி முள்கம்பி கட்டி, யாரும் நுழையக் கூடாதென்று பலகை வைத்தார்கள்.

அடுத்த கார்த்திகையில் அம்பிகாவின் மகளுக்கு வயிற்றுவலி. அம்பிகா கம்பிக்குள் நுழைந்து ஒரு கைப்பிடி காய் பறித்தாள். வனக் காவலர்கள் பிடித்தார்கள். அரிவாளை வாங்கிக்கொண்டு, பொழுது சாயும்வரை உட்காரவைத்து அனுப்பினார்கள்.

இது தெரியாமல் கட்டுரையோடு அவள் முன் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னவள், தாளைப் புரட்டினாள்.

“இதுல என் பேரு எங்கீங்க?”

கடைசிப் பக்கத்தில், ‘மலைவாழ் மக்களுக்கு நன்றி’ என்ற வரியில் விரல் வைத்தேன்.

“ஃபாரஸ்ட்டுக்காரங்க நோட்டுல மட்டும் என் பேரு, ஊருப் பேரு, புருசன் பேரு எல்லாம் எழுதிக்கிட்டாங்க சார்.”

ஊர்க்காரர்களைக் காய் பறிக்க விடச் சொல்லி வனத்துறைக்கு எழுதுகிறேன் என்றேன். இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மூன்றாவது எழுதவில்லை.

இந்த வருஷம் அதே மலையில் இன்னொரு குடைப்பூச் செடி கிடைத்தது. எந்தப் புத்தகத்தோடும் ஒத்துவரவில்லை. வெட்கத்தை விட்டு அவள் வீட்டு வாசலுக்கே போனேன். செடியைக் கண்டதும் அவள் கண் ஒரு நொடி நின்றது. கையில் வாங்கவில்லை.

“தெரியலைங்க சார்.”

“நல்லா பாரும்மா.”

“பாத்துட்டனுங்க. பஸ்ஸு வர்ற நேரம். கெளம்புங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.