என் முகத்துக்கு இரண்டு விலை

பதினான்காயிரத்து முந்நூற்று ஐம்பது. முதலாளிக்கு நான் தர வேண்டிய பாக்கி அவ்வளவு. போன வருஷம் விளம்பரப் பலகை கட்டும்போது ஏணி சறுக்கி என் முழங்கால் போனது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவரிடம் முன்பணம் வாங்கினேன். வீட்டில் அதைச் சொல்லவில்லை. "எல்லாம் முதலாளியே ஏத்துக்கிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து என் மனைவி அவரைக் கும்பிடாத குறைதான். நேரில் பார்த்தால் நன்றி சொல்லப் போய்விடுவாள் என்று பயந்து, அவளைக் கடைப் பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

எங்களுடையது பேனர் அடிக்கிற கடை. மெஷின் அடித்துத் தள்ளுவதை ஓரம் மடித்து, வளையம் போட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டுவது என் வேலை. நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டப் பழகினேன். பேனரைத் தலைகீழாகக் கட்டி இரண்டு முறை திட்டு வாங்கிய பிறகு வந்த ரோஷம் அது.

அன்று காலையில் டிசைன் செய்கிற பெண் கூப்பிட்டாள்.

"அண்ணே, கொஞ்சம் இங்க வாங்க. இது நீங்கதானே?"

கணினித் திரையில் நான் இருந்தேன். செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து தலையைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தேன். முகத்துக்குக் குறுக்கே அந்த இணையதளத்தின் பெயர் மங்கலாக ஓடியது. பணம் கட்டினால்தான் அது போகுமாம்.

ஞாபகம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால், கட்டட வேலையில் இருந்தபோது, ஒருவர் கேமராவோடு வந்தார். "சும்மா களைப்பா உட்காருங்க" என்றார். அதற்கு நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் கூலியைக் கொடுத்து, ஒரு தாளில் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்.

"இந்தப் படம் எதுக்கு தங்கச்சி?"

அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். கடன் கொடுக்கிற கம்பெனி ஒன்றின் விளம்பரம். 'கடன் கழுத்தை நெரிக்கிறதா?' என்று வாசகம். இருபது முகங்களை அனுப்பினாளாம். "இந்த ஆளைப் பார்த்தாலே கடன்காரன்னு தெரியுது" என்று என்னையே பிடித்துக்கொண்டார்களாம்.

நாற்பது அடிப் பலகை. பஸ் நிற்கும் முச்சந்தியில். என் மனைவி தினமும் அங்கேதான் இறங்கித் தையல் வேலைக்குப் போகிறாள்.

முதலாளி வந்து விலை கேட்டார்.

"மூணு தளம் பார்த்தேன் சார்" என்றாள். "ஒண்ணு இலவசம். அதுல இவர் இல்லை. அதுல இருக்கிற மூஞ்சிங்க ஏற்கெனவே ஊர்ல நாலு போர்டுல சிரிச்சிட்டிருக்கு. இன்னொண்ணு சந்தா. எவ்வளவு பெரிசாக்கினாலும் படம் உடையாது, ஆனா ஒரு வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டணும். மூணாவதுல ஒவ்வொரு படமா வாங்கலாம், மலிவு. சந்தாவுலயும் மலிவுலயும், ரெண்டுலயும் இவர் இருக்கார்."

"ஒரே மூஞ்சிதானே? மலிவான இடத்துல வாங்கு. மத்தியானம் அடிச்சாகணும்."

"நிபந்தனையைப் பார்த்துட்டு வாங்குறேன்."

"அதையெல்லாம் யாரும்மா படிக்கிறாங்க?"

நான் படித்தேன். தமிழில் மாற்றும் பட்டனை அவள் அமுக்கித் தந்தாள். வந்த தமிழ் கல்லும் மண்ணுமாக இருந்தது. திரையில் விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். "அழுக்காகுது அண்ணே" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

சந்தா தளத்தில் பதினோராவது வரி: படத்தில் இருப்பவரை நோயாளியாகவோ, குற்றவாளியாகவோ, கடனாளியாகவோ காட்டக் கூடாது. மூச்சு விட்டேன். மலிவான தளத்தில் அந்த வரி இல்லை. மறுபடி முதலிலிருந்து தேடினேன். இல்லை. கடைசிப் பத்தியில் வேறொன்று இருந்தது: படத்தில் இருப்பவர் ஆட்சேபித்தால் வரும் நஷ்டம் முழுக்க வாங்கியவரையே சேரும்.

பாக்கிக்காரன் முதலாளி பேச்சை எப்படித் தட்டுவது? அவள்தான் அந்த வரியை அவருக்கு வாசித்துக் காட்டினாள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீ ஆட்சேபிப்பியாய்யா?"

"நான் மாட்டேன் முதலாளி. என் பொண்டாட்டி விடமாட்டா."

"அவங்க என்னைத் தெய்வமா நினைக்கிறாங்கன்னு சொன்னியே?"

"அதனாலதான் முதலாளி. ஆஸ்பத்திரிச் செலவை நீங்களே ஏத்துக்கிட்டதா நினைச்சிட்டிருக்கா. போர்டைப் பார்த்தா நேரா உங்ககிட்டதான் வருவா. இவர் யாருக்குக் கடன்னு கேப்பா."

அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

"சார், நாமளே இவரைச் சிரிக்க வெச்சு எடுத்துடலாம்" என்றாள் அவள். "வாசகத்தை மாத்தி, 'என் கடன் தீர்ந்தது'ன்னு போடலாம்."

கம்பெனிக்குப் போன் போட்டார்கள். அதே ஆள் என்றால் சரி என்றார்களாம்.

வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டு முன்னால் என்னை நிறுத்தினார்கள். முப்பது படம் எடுத்தாள். முப்பதிலும் செங்கல் அடுக்கின்மேல் இருந்த அதே மூஞ்சி.

"சிரிங்க அண்ணே."

"வருது தங்கச்சி. பாதி வழியில திரும்பிப் போயிடுது."

அவள் செல்போனைக் கீழே வைத்தாள். "சார், இவருக்குக் கூலி பேசவே இல்லையே. வெளியில மாடலைக் கூப்பிட்டா ஒரு நாளைக்கு இருபதாயிரம். மேக்கப் தனி."

"இந்த மூஞ்சிக்கு மேக்கப் வேறயா?" என்றபடி முதலாளி உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் பாக்கி நோட்டு இருந்தது. என் பக்கத்தைத் திறந்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே ஏதோ எழுதி என்னிடம் நீட்டினார்.

"படி. நீதான் எல்லாத்தையும் படிக்கிறவனாச்சே."

கூட்டிப் படித்தேன். ப-ற்-று. தீ-ர்-ந்-த-து. தலை நிமிர்ந்தபோது அவள் செல்போனில் அமுக்கிவிட்டாள். அந்தப் படம்தான் தேறியது.

பிறகு சம்மதத் தாள் வந்தது. நாலே வரி. பத்து நிமிஷம் படித்தேன். இந்தப் பலகையைத் தவிர வேறெங்கும் இந்தப் படம் போகக் கூடாது என்று ஐந்தாவதாக ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்த பிறகு பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை முச்சந்தியில் சாரத்தின் மேல் நின்று, என் காதோரத்துக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. என் மனைவி இறங்கினாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் பலகையைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பை தோளிலிருந்து நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏங்க, அது என்ன கடன்?"

"முழங்கால் கடன்."

"அதை முதலாளி ஏத்துக்கிட்டார்னு சொன்னீங்க?"

"நேத்துதான் ஏத்துக்கிட்டார்."

கயிற்றின் முடிச்சை இரண்டு முறை சோதித்தேன்.

"கீழ இறங்கி வாங்க, பேசிக்கலாம்" என்றாள். பிறகு, "மெதுவா" என்றாள்.