வெளியீட்டுக்குப் பின்

“ஆரம்பிக்கட்டுமா?” என்று தரைத்தளத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

நான்காவது மாடிக் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு மகள் கீழே எட்டிப் பார்த்தாள். கையில் செல்போன். அதில் ஸ்டாப்வாட்ச் பூஜ்யத்தில் நின்றது.

“வேணாம்ப்பா. அங்கயே நில்லுங்க. நான் இறங்கி வர்றேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.”

“பேச்சு மாறக்கூடாது. திரும்ப வந்தா போலாம்னுதான ஒத்துக்கிட்ட? மணியப் பாத்துக்க.”

செருப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. அவள் பொத்தானை அமுக்கினாள்.

காலை ஏழு மணிக்குப் பால் வாங்கப் போனவர் நேரமாகியும் வரவில்லையே என்று கதவைத் திறந்தால், மூன்றாம் மாடித் திருப்பத்தில் பால் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை. ஒரு வாரமாக லிஃப்ட் படுத்துவிட்டிருந்தது. “நெஞ்ச யாரோ புடிச்சு முறுக்கின மாதிரி இருந்துச்சு. ரெண்டே நிமிஷம். போயிடுச்சு. இதுதான் முதல் தடவ” என்றார். கண்ணாடிக் கடை வேலைக்கு அவள் அப்போதே லீவு சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு நாலு மணி நேரம் கெஞ்சல், கொஞ்சல், மிரட்டல். மனிதர் மசியவில்லை.

மசியாததற்குக் காரணம் அவர் தொழில். வீடியோ கேம் செய்யும் கம்பெனியில் அவர் சோதனைக்காரர். கடைக்குப் போகும் முன் கேமை ஆடி ஆடி எங்கே கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிப்பது வேலை. விளையாட்டுக்குச் சம்பளமா என்று கேட்பவர்களுக்கு அவரே சொல்லுவார்: ஒரு நாள் முழுக்க நாயகனை ஒவ்வொரு சுவராக முட்டவிட்டு, எந்தச் சுவர் ஓட்டை என்று பார்க்க வேண்டும். ஆபீசில் அவருக்குச் சுவர்முட்டி என்றே பெயர். அந்தத் தொழிலில் ஒரு கோளாறு ஒரே ஒரு தடவை வந்தால் அது கோளாறே இல்லை. என்ன செய்தால் திரும்ப வருகிறது என்று காட்ட வேண்டும். காட்டினால்தான் நம்புவார்கள். இருபது வருடம் இப்படியே பழகியவர், தன் நெஞ்சையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்.

இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி. அங்கே செருப்புச் சத்தம் நின்றது.

“அப்பா?”

“செருப்பு வாரு கழண்டுக்கிச்சு.”

குனிந்த முதுகு மட்டும் தெரிந்தது. வாரைச் சரிசெய்ய இத்தனை நேரமா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் அவர் நிமிர்ந்து, மீதிப் படிகளையும் ஏறி, எதிரில் வந்து சிரித்தார்.

“பாத்தியா? வரல.”

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. மூச்சு வாங்குகிறதே, முகம் வெளுத்திருக்கிறதே என்று கண் சொன்னதை அந்த நிம்மதி கேட்கவில்லை. “சரி. ஆனா அஞ்சு மணிக்குக் கெளம்பியே ஆகணும். இனிமே சாக்குச் சொல்லக்கூடாது” என்றாள்.

“அஞ்சு அடிச்சதும் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

ஐந்து மணிக்குள் புதுக் கேமைப் பிரதி போடும் தொழிற்சாலைக்குக் கம்பெனி அனுப்பியாக வேண்டும். ஊரெல்லாம் கொண்டாடிய மாயாஜாலப் படம் ஒன்றின் இரண்டாம் பாகம் அடுத்த மாதம் வருகிறது. அதே நாளில் அந்தப் படத்தின் கேம் ஒவ்வொரு குழந்தை கையிலும் இருக்க வேண்டுமாம். திரையில் மலை உயரம் நின்ற இளவரசி, அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த உள்ளங்கை அளவுக் கருவிக்குள் அரிசி அளவில் ஓடிக்கொண்டிருந்தாள். நெருப்புப் பறவையின் முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடிக் கோபுரம் ஏற வேண்டும். திங்கட்கிழமை ஆறாம் மாடியில் அப்பா அவளைத் திருப்பியபோது கேம் அப்படியே உறைந்துபோனது. அணைத்துப் போட்டால், அதுவரை ஆடிச் சேர்த்ததெல்லாம் காலி. அன்றிலிருந்து எத்தனையோ முறை ஏறியாயிற்று. திரும்ப வரவில்லை.

ஒரு மணிக்குக் குழுத்தலைவர் போன் செய்தார். அப்பாவின் வயதில் பாதி. ஸ்பீக்கரில் குரல் கெஞ்சியது. “அண்ணே, ஒரே தடவதான வந்துச்சு? அது கோளாறு இல்லன்னு எழுதி மூடிடுங்க அண்ணே. மேலருந்து உயிரை எடுக்குறாங்க.”

“தம்பி, ஒரு புள்ள ரெண்டு மாசம் ஆடி ஆறாம் மாடிக்கு வரும். எல்லாம் அழிஞ்சுபோனா அது யாருகிட்ட போய்ச் சொல்லும்? நாமதான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நெனச்சு அழும். அஞ்சு வரைக்கும் விடுங்க.”

அவர் சோற்றைப் பாதியில் வைத்தார். மூன்று மணிக்கு ஒருமுறை நெஞ்சைத் தடவிக்கொண்டார். “என்னப்பா?” என்று பாய்ந்தாள். “அரிக்குதுடி. சொறியக்கூட உன்னக் கேக்கணுமா?” என்றார். அவள் ஐந்து மணிக்கு டாக்ஸி சொல்லி, அவருடைய வெளுத்த சட்டையை எடுத்து நாற்காலி முதுகில் மாட்டிவைத்தாள். பிறகு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். இளவரசி ஏறினாள், திரும்பினாள், இறங்கினாள், முட்டையைக் கீழே வைத்தாள், எடுத்தாள். கடிகார முள் மட்டும் நகர மாட்டேன் என்றது.

நான்கு பத்துக்கு அப்பா துள்ளி எழுந்தார். “வந்துருச்சு! வந்துருச்சு பாரு!”

கருவியில் இளவரசி பாதிச் சுவருக்குள் சிக்கி அசையாமல் நின்றாள். அப்பா குழுத்தலைவரை அழைத்தார். ஒரு கையால் நோட்டில் எழுதிக்கொண்டே, வாயால் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். “ஒண்ணு, அஞ்சாம் மாடியில முட்டைய வைக்கணும். ரெண்டு, பறவை கத்துற வரைக்கும் காத்திருக்கணும்...” அவர் குரலில் இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. ஐந்தாவது வரியைச் சொன்னார்.

“ஆறு” என்றார். அதோடு நின்றது. பேனா கையிலிருந்து நழுவியது.

“அண்ணே? ஆறாவது என்ன? அண்ணே?” என்று போன் கேட்டுக்கொண்டே இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கி நான்கு மாடியும் இறக்கினார்கள். சட்டை அதன் முதுகிலேயே தொங்கிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அவ்வளவு சீக்கிரம் வந்ததிலேயே அப்பா இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

டாக்டரம்மா ஒரு படிவத்தை நிரப்பினார். “இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி வந்திருக்கா?”

“காலையில. ஒரு தடவ.”

“அதுக்கப்புறம்?”

“வரல. படியேறிப் பாத்தாரு... நான்தான் நேரம் பாத்தேன். வரல.”

டாக்டரம்மாவின் பேனா ஒரு கணம் நின்று, பிறகு எழுதியது. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. காலையில் ஒரு அதட்டல் போட்டு இழுத்துக்கொண்டு வராமல், பொத்தானை அமுக்கிக்கொண்டு நின்றோமே என்று நெஞ்சு எரிந்தது.

குழுத்தலைவர் ஓடிவந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. எல்லாவற்றையும் போனில் கேட்டிருக்கிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அனுப்பிட்டீங்களா சார்?” என்று அவளே கேட்டாள்.

“இல்லம்மா. நிறுத்தி வச்சிருக்கேன். யாரு என்ன சொன்னாலும் சரி.”

கிளம்பும் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் பையில் அள்ளிப் போட்டிருந்தாள். அதற்குள்ளிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். “அஞ்சு வரிதான் இருக்கு.”

அவர் படித்தார். ஆறாவது வரி அடுத்த பக்கத்தில் இருக்குமோ என்று திருப்பினார். திருப்பியவர் அப்படியே இருந்தார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே நோட்டை அவள் மடியில் வைத்தார்.

அப்பாவின் கையெழுத்து எப்போதும் போல் குண்டு குண்டாக இருந்தது. நெஞ்சு வலி என்று தலைப்பு. அதற்குக் கீழே தேதி, நேரம், இடம். பஸ் நிறுத்தம், ஒரு நிமிடம். ஆபீஸ் மாடிப்படி, இரண்டு நிமிடம். குளிக்கும்போது. இப்படியே பன்னிரண்டு நாள், எட்டு வரி. எட்டாவது, இன்று காலை ஏழு மணி, பால்.

ஒன்பதாவது வரி: *இன்று 11.20. மூன்றாம் மாடி. வந்தது. பாப்பாவிடம் சொல்லவில்லை.*

அடியில் கோடு போட்டு, உடனே சரிசெய்ய நேரமில்லாத கோளாறுகளுக்கு ஆபீசில் எழுதும் வாசகத்தை எழுதியிருந்தார். *நிலை: வெளியீட்டுக்குப் பின்.*

குழுத்தலைவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். “நான்தாம்மா அவர...” என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து, நோட்டோடு டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

“மேடம், அந்தப் படிவத்துல ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன்.”

டாக்டரம்மா படிவத்தைத் தேடி எடுத்தார்.

“ஒரு தடவ இல்ல. ஒம்பது.”

டாக்டரம்மா அவள் நீட்டிய பக்கத்தைப் பார்த்தார். படிவத்தில் ஒன்று என்று எழுதியிருந்ததை ஒரு கோட்டால் அடித்தார். பக்கத்தில் ஒன்பது என்று எழுதி, படிவத்தை அவள் பக்கம் திருப்பினார்.

“திருத்தின இடத்துல ஒரு கையெழுத்துப் போடணும்.”

அவள் போட்டாள். மை காயும் வரை, விரலால் தொடாமல், காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.